நம் உறுப்பினர் எப்பக்கம் நின்றார்?

ஒரு தோப்பைக் காவலாளியிடம் ஒப்படைத்தவன் ஐந்து ஆண்டுகள் அந்தப் பக்கமே எட்டிப் பாராதிருப்பானாயின் அவனை விவேகி என்று எவரும் சொல்லமாட்டார். பங்கின் திருவிழா முடிந்ததும் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட வேண்டும் என்று கேட்கிறோம். சங்கத்தின் பொருளாளர் பத்து ரூபாய்க்கு ரசீது காட்டத் தவறினால் கூட்டத்திலேயே எழுந்து நின்று வினவுகிறோம். ஆனால் நாட்டின் சட்டங்களை ஆக்கும் அதிகாரத்தை ஒருவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, அவர் அங்கே என்ன செய்தார் என்று கேட்கும் வழக்கம் மட்டும் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை.

தேர்தல் காலத்தில் நாம் காட்டும் ஆர்வம் பெரிது. சுவரொட்டி, ஊர்வலம், திண்ணைப் பேச்சு என்று ஊரே விழித்திருக்கும். வாக்கு எண்ணி முடிந்த மறுநாள் முதல் நம் நினைவில் தங்குவது இரண்டே: அவர் நம் ஊர்த் திருமணத்திற்கு வந்தாரா? நிழற்குடையோ சாலையோ கொடுத்தாரா? பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் தம் தொகுதிப் பணிகளுக்கென ஆண்டுதோறும் 5 கோடி ரூபாய் வரை பரிந்துரைக்கலாம் என்னும் திட்டம் இருக்கிறது. 1993-ஆம் ஆண்டில் தோன்றிய இத்திட்டம் நல்லதோ அன்றோ, உறுப்பினரின் முதற் கடமை அதுவன்று. சட்டம் இயற்றுவதும், அரசின் கணக்கைக் கேட்பதும், அரசைத் தட்டிக் கேட்பதுமே அவர் கடமை. மீனவரின் கடலும், உழவரின் விளைபொருளும், தொழிலாளியின் வேலை நேரமும், பிள்ளைகளின் பள்ளியும் அங்கே எழும் "ஆம்", "இல்லை" என்னும் இரு சொற்களால் தீர்மானிக்கப்படுகின்றன.

எனவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. முதலாவது, அவர் எப்பக்கம் வாக்களித்தார்? இரண்டாவது, நம்மையன்றி வேறு யாரிடம் அவர் ஊதியமோ ஆதாயமோ பெறுகிறார்? ஒரு மனிதன் இரண்டு எசமானர்களுக்கு ஊழியம் செய்ய முடியாது என்பது நாம் அறிந்த பாடம். இரண்டாம் எசமானர் ஒருவர் இருக்கிறாரா என்று அறிந்துகொள்ளவே இரண்டாம் கேள்வி.

வாக்குப் பட்டியலின் வரலாறு

இவ்விரு கேள்விகளுக்கும் விடை எழுதி வைக்கும் பழக்கம் இங்கிலாந்தின் காமன்ஸ் சபையில் நெடுங்காலமாக வளர்ந்து வந்தது. அங்கே வாக்கெடுப்பு என்றால் உறுப்பினர்கள் இருக்கையைவிட்டு எழுந்து, "ஆம்" என்போர் ஒரு கூடத்திலும் "இல்லை" என்போர் மற்றொரு கூடத்திலுமாக நடந்து செல்ல வேண்டும். யார் எக்கூடத்தில் நடந்தார் என்று பெயர் பெயராகக் குறிக்கப்படும். 1836-ஆம் ஆண்டு முதல் இப்பட்டியல்களைச் சபையே அதிகாரபூர்வமாக வெளியிட்டு வருகிறது. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாக, ஓர் உறுப்பினர் எந்தச் சட்டத்திற்கு எப்பக்கம் நின்றார் என்பதை அவருடைய தொகுதி மக்கள் அறிந்துகொள்ள முடிகிறது.

அதற்கும் முன்னரே இதைப் பற்றிய பெரிய விவாதம் ஒன்று எழுந்ததுண்டு. 1774-ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகரத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்மண்ட் பர்க், தம் வாக்காளர்களிடம் அஞ்சாமல் ஒரு கருத்தை எடுத்துரைத்தார்: உங்கள் நலனுக்காக உழைப்பேன், ஆனால் என் அறிவையும் மனச்சான்றையும் உங்கள் கட்டளைக்கு அடகு வைக்கமாட்டேன் என்பதே அதன் சாரம். பின்னர் அயர்லாந்தின் வாணிபத் தடைகளைத் தளர்த்துவதற்கும், 1778-இல் கத்தோலிக்கர் மீதிருந்த சில சட்டத் தடைகளை நீக்குவதற்கும் அவர் ஆதரவாக நின்றார். பிரிஸ்டல் வணிகர் பலருக்கு இது பிடிக்கவில்லை. 1780-இல் மீண்டும் அங்கே போட்டியிட வந்தவர், வெற்றிக்கு வழியில்லை என்று கண்டு விலகிக்கொண்டார்.

இந்நிகழ்ச்சியை நாம் இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. வாக்காளர் கண்காணிப்பது அவசியமே. ஆனால் கண்காணிப்பவர் நீதியற்றவராய் இருந்தால், நல்லவரும் தோற்பார். நமக்குப் பிடிக்காத பக்கம் வாக்களித்தார் என்பதாலேயே ஒருவர் தீயவராகிவிடமாட்டார். அவர் காரணம் கூறக் கடமைப்பட்டவர். நாம் அக்காரணத்தைக் கேட்டுச் சீர்தூக்கக் கடமைப்பட்டவர்கள்.

பதிவேடு காட்டிய உண்மை

வெளி வருமானங்களைப் பற்றிய பதிவேடு அங்கே மிகவும் பிந்தியே வந்தது. ஒரு கட்டடக் கலைஞரின் இலஞ்ச விவகாரத்தில் அரசியல்வாதிகளின் பெயர்களும் அடிபட்ட பின்னர், 1974-ஆம் ஆண்டு காமன்ஸ் சபை தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. நிறுவனப் பதவி, ஆலோசனை ஊதியம், பங்குகள், பரிசுகள் போன்றவற்றை உறுப்பினர்கள் அறிவிக்க வேண்டும் என்றது அது. மறு ஆண்டில் முதற் பதிவேடு வெளிவந்தது. இனோக் பவல் போன்ற சிலர், இது உறுப்பினரின் கண்ணியத்திற்கு இழுக்கு என்று கூறிப் பெயர் பதிய மறுத்ததும் உண்டு. ஆனால் 1994-இல், பணம் வாங்கிக்கொண்டு சபையில் கேள்வி கேட்க உறுப்பினர் சிலர் முன்வந்த செய்தியை நாளிதழ்கள் வெளியிட்டபோது, கண்ணியத்தைக் காப்பது மறைவு அன்று, வெளிச்சமே என்பது தெளிவாயிற்று. நீதிபதி நோலன் தலைமையில் அமைந்த குழு, 1995-இல் பொதுவாழ்வுக்குரிய ஏழு நெறிகளை வகுத்துத் தந்தது. தன்னலமின்மை, நேர்மை, நடுநிலை, பொறுப்புடைமை, வெளிப்படைத்தன்மை, வாய்மை, முன்மாதிரியான தலைமை என்பன அவை.

2021-ஆம் ஆண்டு நவம்பரில் நடந்ததைச் சற்று விரிவாகவே காண்போம். நம் இரு கேள்விகளும் ஒன்றாக வந்து சேர்ந்த இடம் அது. முன்னாள் அமைச்சரும் வட ஷ்ராப்ஷயர் தொகுதியின் உறுப்பினருமான ஓவன் பாட்டர்சன், இரு தனியார் நிறுவனங்களுக்கு ஆலோசகராக இருந்து, ஆண்டுக்கு ஓர் இலட்சம் பவுண்டுக்கு மேல் ஊதியம் பெற்று வந்தார். கவனியுங்கள்: இதை அவர் ஒளித்து வைக்கவில்லை. பதிவேட்டில் அவரே எழுதியிருந்தார். குற்றம் ஊதியத்தில் இல்லை. அந்நிறுவனங்களின் நலனுக்காக அமைச்சர்களையும் அதிகாரிகளையும் அவர் பலமுறை அணுகினார் என்று நடத்தை ஆணையர் கண்டறிந்ததே குற்றம். முப்பது அமர்வு நாட்கள் அவரை விலக்கி வைக்க வேண்டும் என்று சபையின் குழு பரிந்துரைத்தது. தாம் தவறு செய்யவில்லை என்றே அவர் வாதிட்டார்.

நவம்பர் 3-ஆம் நாள் அப்பரிந்துரையை ஏற்பதற்குப் பதிலாக, விசாரணை முறையையே மாற்ற வேண்டும் என்னும் திருத்தம் அரசின் ஆதரவோடு வந்தது. ஆதரவு 250, எதிர்ப்பு 232. திருத்தம் வென்றது. ஆனால் அந்த 250 பேரும் பெயரோடு பட்டியலில் இருந்தார்கள். அன்றிரவே நாடெங்கும் மக்கள் தத்தம் உறுப்பினரின் பெயரைத் தேடிப் பார்த்தனர். எழுந்த கண்டனத்தைத் தாங்க முடியாமல் மறுநாளே அரசு பின்வாங்கியது. பாட்டர்சன் பதவி விலகினார். 2019-இல் 22,949 வாக்குகள் மிகுதியாகப் பெற்று அவர் வென்றிருந்த அத்தொகுதியில், டிசம்பர் 16-ஆம் நாள் நடந்த இடைத்தேர்தலில் அவருடைய கட்சி 5,925 வாக்குகளால் தோற்றது. ஒரு பதிவேடும் ஒரு வாக்குப் பட்டியலும் சேர்ந்து செய்த வேலை இது!

நம் பாராளுமன்றத்தில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். சுதந்திர இந்தியாவின் தற்காலிகப் பாராளுமன்றமே இவ்வகையில் ஒரு நல்ல முன்மாதிரியைக் காட்டிற்று. எச். ஜி. முட்கல் என்னும் உறுப்பினர், பம்பாய் தங்க வெள்ளி வியாபாரிகள் சங்கத்திடம் ஆதாயம் பெற்று அதற்காகச் சபையில் செயல்பட்டார் என்ற புகார் 1951-இல் எழுந்தது. அவர் பிரதமர் நேருவின் சொந்தக் கட்சியைச் சேர்ந்தவர். ஆயினும் நேருவே விசாரணைக்கு வழி செய்தார். விசாரணைக் குழுவுக்கு நம் சென்னையின் டி. டி. கிருஷ்ணமாச்சாரி தலைமை தாங்கினார். புகார் உண்மை என்று குழு கூறவே, வெளியேற்றும் தீர்மானம் முடிவாகும் முன் முட்கல் பதவி விலகினார். விலகித் தப்ப முயன்றதையும் சபை கண்டிக்கத் தவறவில்லை.

அந்த ஆரம்பம் எப்போதும் காக்கப்படவில்லை. 1993-ஆம் ஆண்டு ஜூலையில் நரசிம்ம ராவ் அரசின் மீது வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் பதினான்கு வாக்குகளில் தோற்றது. உறுப்பினர் சிலர் பணம் பெற்று வாக்களித்தனர் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பாராளுமன்றத்தில் அளித்த வாக்குக்காக அவர்கள் மீது வழக்குத் தொடர முடியாது என்று 1998-இல் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. சபையில் சுதந்திரமாகப் பேசவும் வாக்களிக்கவும் அரசியல் சட்டம் தந்த காப்பு, கைக்கூலிக்கும் கவசமாயிற்று! அக்கவசத்தைக் கழற்ற இருபத்தாறு ஆண்டுகள் ஆயின. 2024-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் நாள் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்தீர்ப்பை ஒருமனதாக மாற்றி, இலஞ்சம் பெற்ற உறுப்பினருக்கு எவ்விதச் சட்டப் பாதுகாப்பும் இல்லை என்று உரைத்தது. இதற்கிடையே 2005 டிசம்பரில், கேள்வி கேட்பதற்குப் பணம் பெற்றதாகத் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட பதினொரு உறுப்பினர்களை இரு சபைகளும் வெளியேற்றின. பத்துப் பேர் மக்களவையினர், ஒருவர் மாநிலங்களவையினர்.

வாக்கைத் தேடினால் கிடைக்குமா?

இங்கே ஒரு தடை உண்டு. நம் சபைகளில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. சபாநாயகர் கேட்பார், ஒரு பக்கம் "ஆம்" என்று குரல் எழும், மறுபக்கம் "இல்லை" என்று எழும், எது மிகுதி என்று அவர் அறிவிப்பார். யார் பெயரும் பதிவாவதில்லை. உறுப்பினர்கள் அதை ஏற்காமல் வாக்கெடுப்பு வேண்டும் என்று வற்புறுத்தினால்தான் மணி ஒலித்து, கதவுகள் அடைக்கப்பட்டு, பொத்தானை அழுத்தியோ சீட்டில் எழுதியோ பெயர் பெயராக வாக்குப் பதிவாகும். அரசியல் சட்டத் திருத்தத்திற்கு மட்டும் தனிப் பெரும்பான்மை தேவைப்படுவதால் எண்ணிக்கை தவறாமல் நடக்கும். சட்ட மன்றங்களில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் அளிக்கும் திருத்தம் 2023 செப்டம்பரில் மக்களவையில் 454 பேர் ஆதரவோடும் 2 பேர் எதிர்ப்போடும் நிறைவேறியது என்று நாம் துல்லியமாகச் சொல்ல முடிவது அதனால்தான்.

மாறாக, 2020 செப்டம்பர் 20-ஆம் நாள் மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் பெரும் கூச்சலுக்கிடையே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. எதிர்க்கட்சியினர் எண்ணிக்கை கேட்டனர். தத்தம் இடத்தில் அமர்ந்து முறையாகக் கேட்கவில்லை என்பது அவைத் தலைமையின் விளக்கம். எவர் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஓராண்டுக்கு மேல் உழவர்கள் தலைநகரின் எல்லையில் போராடி, 2021 நவம்பரில் திரும்பப் பெறப்பட்ட அச்சட்டங்களுக்கு, மாநிலங்களவையில் யார் "ஆம்" என்றார், யார் "இல்லை" என்றார் என்னும் பெயர்ப் பட்டியல் வரலாற்றில் இல்லாமலே போயிற்று.

ஒரு வாக்கு என்ன செய்துவிடும் என்று சிலர் கேட்கலாம். 1999 ஏப்ரல் 17-ஆம் நாள் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே வாக்கில் வீழ்ந்ததை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும்.

இரண்டாவது தடை கட்சிக் கொறடாவின் ஆணை. 1985-இல் அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டது. விலைக்கு வாங்கப்பட்டுக் கட்சி தாவுவதைத் தடுப்பது அதன் நோக்கம். ஆனால் அதன்படி, கட்சியின் ஆணைக்கு மாறாக முன் அனுமதியின்றி வாக்களித்தவரைக் கட்சி பதினைந்து நாளுக்குள் மன்னிக்காவிட்டால், அவர் பதவி இழக்க நேரும். ஆகவே இங்கிலாந்தில் போல, தனி உறுப்பினரின் மனச்சான்றை அவர் வாக்கைக்கொண்டு மட்டும் நாம் அளந்துவிட முடியாது. கட்சி சொன்னபடி வாக்களித்தவரிடமும் ஒன்று கேட்கலாம்: வெளியே வாக்களிக்கு முன், கட்சிக் கூட்டத்தின் உள்ளே எங்களுக்காகப் பேசினீரா?

அவர் வாக்கைவிட, வருகையும் கேள்வியும் உரையுமே நமக்கு அதிகம் சொல்லும். மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழி விடைக்குரிய கேள்விகள் 20-ம், எழுத்து விடைக்குரியவை 230-ம் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒவ்வொன்றும் கேட்டவர் பெயரோடு அச்சாகிறது. நம் மாவட்டத்தைப் பற்றி அவர் எத்தனை கேட்டார்? ஒரே தொழிலைப் பற்றி, ஒரே நிறுவனத்துக்குப் பயன்படும்படி மீண்டும் மீண்டும் கேட்டாரா? முட்கல் முதல் இன்றுவரை இரண்டாம் எசமானரின் நிழல் முதலில் விழுவது கேள்விப் பட்டியலில்தான்.

உடைமைகளும் உறவுகளும்

வேட்பாளரின் சொத்து, கடன், கல்வி, குற்ற வழக்கு ஆகியவற்றை அறியும் உரிமையை நமக்குப் பெற்றுத் தந்தவர்கள் பெருந்தலைவர்கள் அல்லர். 1999-இல் அகமதாபாத்தில் ஒரு சங்கமாகக் கூடிய பேராசிரியர்கள் சிலர் நீதிமன்றம் சென்றதன் பயன் அது. 2002 மே 2-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதைக் குறுக்கும் சட்டம் வந்தபோது, 2003 மார்ச் 13-ஆம் நாள் அச்சட்டப் பிரிவையும் நீக்கியது. 2018-இல் சொத்து எவ்வளவு என்பதோடு, வருமானம் எங்கிருந்து வந்தது என்பதையும் கூற வேண்டும் என்றது. இன்று பாராளுமன்றத்திற்காயினும் சட்டமன்றத்திற்காயினும், வேட்பு மனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் கணவர் அல்லது மனைவி, சார்ந்திருப்போர் ஆகியோரின் சொத்தும், கடந்த ஐந்து ஆண்டுகளின் வருமானமும், அரசோடுள்ள ஒப்பந்தங்களும் எழுதப்படுகின்றன.

வெற்றி பெற்ற பாராளுமன்ற உறுப்பினர், பதவி ஏற்ற 90 நாட்களுக்குள் சொத்து விவரத்தை அவைத் தலைவரிடம் அளிக்க வேண்டும். மாநிலங்களவையில் இதற்கு மேலும் ஒரு பதிவேடு உண்டு. ஊதியம் தரும் இயக்குநர் பதவி, ஊதியம் தரும் பிற பணி, ஆதிக்கம் செலுத்தும் அளவு பங்குகள், ஆலோசனைப் பணி, தொழில் ஈடுபாடு என்னும் ஐந்தையும் அதில் எழுத வேண்டும். மக்களவையின் 371-ஆம் விதி, ஒரு விஷயத்தில் தமக்கு மட்டும் உரிய நேரடியான ஆதாயம் உடைய உறுப்பினரின் வாக்கை எதிர்த்து முறையிட இடம் தருகிறது.

படிக்கும் முறை

இவற்றைப் படிப்பதற்குப் பெரும் படிப்புத் தேவையில்லை. நேர்மையான கண் போதும். ஆயினும் சில எச்சரிக்கைகள் அவசியம். சொத்து இருப்பது குற்றமன்று. பரம்பரை நிலத்தின் விலை உயர்ந்திருக்கலாம். ஆனால் சென்ற தேர்தலின் பத்திரத்தையும் இத்தேர்தலின் பத்திரத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், விளக்கம் கேட்க வேண்டிய இடம் தானே தெரியும். வழக்கு இருப்பது தண்டனையன்று. போராட்டத்தில் கைதானவர் மீதும் வழக்கு இருக்கும். எவ்வகை வழக்கு என்று பாருங்கள். வருகைப் பதிவேட்டில் அமைச்சர்கள் கையொப்பமிடுவதில்லை. அவர்கள் வராதவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கையொப்பமிட்டு உடனே வெளியேறியவரும் வந்தவராகவே எண்ணப்படுவார். ஆகவே நூறு விழுக்காடு கண்டு மயங்கவும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நமக்கு வேண்டாத கட்சிக்காரரை எந்த அளவுகோலால் அளக்கிறோமோ, அதே அளவுகோலால் நமக்கு வேண்டியவரையும் அளக்க வேண்டும். இது எளிதன்று என்பது நாம் அனைவரும் அறிந்ததே.

நாம் செய்யத்தக்கது

ஒவ்வொரு பங்கிலும் படிப்பகமோ இளைஞர் மன்றமோ இருக்கிறது. அங்கே ஒரு குறிப்பேடு வைக்கலாம். கூட்டத்தொடர் ஒவ்வொன்றும் முடிந்தபின், நம் உறுப்பினர் வந்த நாட்கள், கேட்ட கேள்விகள், பேசிய பொருள்கள், பெயர் பதிவான வாக்குகள், அறிவித்த தொழில்கள் ஆகியவற்றை இளைஞர் இருவர் தொகுத்து எழுதட்டும். இவ்விவரங்கள் இரு சபைகளின் வெளியீடுகளிலும், பிரமாணப் பத்திரங்கள் தேர்தல் ஆணையத்தின் வெளியீட்டிலும் எவரும் காணக்கூடியவை. விளங்காதது இருந்தால் உறுப்பினருக்கே மரியாதையான கடிதம் ஒன்று எழுதலாம். பதில் வந்தால் அதையும் ஒட்டி வைக்கலாம். வராவிடில் வரவில்லை என்று எழுதி வைக்கலாம். அடுத்த தேர்தலில் அவர் வாக்குக் கேட்டு வரும்போது அந்தக் குறிப்பேடு மேசைமேல் இருக்கட்டும். அதில் எந்தக் கட்சிக்கும் பரிந்துரை வேண்டாம். உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும், முடிவு அவரவர் மனச்சான்றுக்குரியது.

இறுதியாக, கசப்பான உண்மை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2019 ஏப்ரலில் வேலூர்ப் பாராளுமன்றத் தொகுதியின் தேர்தல், வாக்காளருக்குக் கொடுக்கவென்று வைத்திருந்ததாகக் கூறப்பட்ட பெரும் பணம் சிக்கியதால் இரத்துச் செய்யப்பட்டு, ஆகஸ்டில்தான் நடைபெற்றது. இந்திய மக்களவைத் தேர்தல் வரலாற்றில் பணத்தின் காரணமாக ஒரு தொகுதியின் தேர்தல் இரத்தானது அதுவே முதல்முறை. அது நம் தமிழகத்தில் நேர்ந்தது. சபையில் உறுப்பினர் தம் வாக்கை விற்றால் அது பெருங்குற்றம் என்கிறோம். வாசலில் நாம் நம் வாக்கை விற்றால் அதற்கு என்ன பெயர்? பணம் கொடுத்து வாங்கியவர், "உம் கணக்கு அன்றே தீர்ந்துவிட்டது" என்று சொன்னால், எந்த முகத்தோடு அவரிடம் ஐந்தாண்டுக் கணக்குக் கேட்போம்? விலை பெறாத கையே கணக்குக் கேட்க நீளும். நம் பிள்ளைகள் காணும்படி, அந்தக் கையை இந்தத் தலைமுறையிலாவது நாம் சுத்தமாக வைத்திருப்போம்.